சமநிலையைக் குலைத்தவர்

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேனா என்று எனக்கு நிச்சயமில்லை. தஹானி எடுத்த குறும்படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டேன். காட்சிகளை வெட்டி ஒட்டிய வரிசைதான் இப்போது நினைவிலும் நிற்கிறது. ஷவ்கியா கடலைப் பார்த்தவுடன் சிரித்தாரா, தேநீர் வந்த பிறகு சிரித்தாரா என்று யாராவது கேட்டால் படத்தில் பார்த்ததைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் பல வருடம் கழித்துத் தஹானி சொன்னது. அவளும் சில இடங்களில் பேச்சை நிறுத்தி, வெகுநேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் தொடர்ந்தாள். அந்த இடைவெளிகளில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

தஹானிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அலெக்ஸாந்திரியாவில், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில், நான்காம் மாடியில் அம்மாவுடன் இருந்தாள். அப்பா காலத்துப் பழைய வாடகை. திரைப்படக் கல்லூரியில் கடைசி வருடம். பட்டம் வாங்க ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். எடுத்த படத்தைக் கதைக் கோட்பாட்டின்படி பகுத்து ஓர் ஆய்வுரையும் எழுதித் தர வேண்டும். படம் எடுப்பதுதான் கடினம், ஆய்வுரை பொழுதுபோக்கு என்று எல்லோரையும் போல அவளும் நினைத்திருந்தாள்.

படம் கட்டடத்தின் காவலாளியைப் பற்றியது. அஸ்வான் பக்கத்துக்காரர், பெயர் பகீத். அறுபது வயது. பெரியப்பா முறை வைத்து எல்லோரும் ‘அம் பகீத்’ என்பார்கள். அவரும் மனைவி ஷவ்கியாவும் முன்பு தரைத்தளத்து அறையில் இருந்தார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் ஃபிக்ரி பே (‘பே’ மரியாதைக்குச் சேர்ப்பது) அந்த அறையைக் கைபேசிக் கடைக்கு விட்டுவிட்டு அவர்களை மொட்டைமாடி அறைக்கு அனுப்பினார். அதே வருடம் லிஃப்ட் பழுதுபார்க்கப்பட்டது. செலவில் பங்கு கொடுத்தவர்களுக்கு மட்டும் வீட்டுக்கொரு சாவி. சாவி போட்டுத் திருப்பினால்தான் லிஃப்ட் அசையும். காவலாளிக்குச் சாவி கிடையாது. தன் சாவியை வெளியாளுக்குக் கொடுக்கிற வீட்டுக்கும் சாவி பறிபோகும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியிருந்தது.

ஷவ்கியா துணிக்கூடையோடு படியில் சறுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று நான்கு பேர் நாற்காலியில் வைத்து மேலே தூக்கிப்போனார்கள். அதற்குப் பிறகு பதினொரு மாதம் அவர் கீழே இறங்கவேயில்லை. மொட்டைமாடியிலிருந்து கடல் தெரியாது. முன்னால் இருக்கும் கட்டடம் இரண்டு மாடி கூடுதல் உயரம்.

தஹானியின் படம் பதினொரு நிமிடம். காவலாளி ஒரு சாவியை எடுக்கிறார். மனைவியை லிஃப்டில் ஏற்றிக் கீழே கொண்டுவருகிறார். இருவரும் கடற்கரைத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். திரும்பி வருகிறார்கள். ஒரு கை நீள்கிறது, சாவியைக் கேட்கிறது. கொடுத்துவிடுகிறார். லிஃப்ட் பூட்டப்படுகிறது. ஷவ்கியா மொட்டைமாடியில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். ஃபிக்ரி பே தன்தா நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள். உண்மையில் அந்தச் சாவி தஹானியின் அம்மாவுடையது. தஹானிதான் அதை பகீத்தின் கையில் வைத்தாள்.

தெருவில் கேமராவை நிறுத்த அனுமதி வேண்டும். அனுமதி அலுவலகத்துக்குக் கதைச்சுருக்கம் தர வேண்டும். அங்கே படமெடுக்கிற யாரும் எடுக்கப் போகும் கதையை அலுவலகத்துக்குத் தருவதில்லை. காகிதத்துக்கு ஒரு கதை, கேமராவுக்கு ஒரு கதை. தஹானியும் ஒரு மாலையில் உட்கார்ந்து ஒன்று எழுதினாள்: ஒரு நல்ல கட்டடம், அந்நியன் ஒருவன் புகுந்து லிஃப்ட் சாவியைத் திருடுகிறான், சங்கத் தலைவர் அவனைப் பிடித்துச் சாவியை மீட்கிறார், கட்டடம் பழையபடி நிம்மதியாகிறது. அதைப் படித்துப் பார்த்துத்தான் ஃபிக்ரி பே கட்டடத்தில் படமெடுக்கச் சம்மதக் கடிதம் கொடுத்தார். மூன்றாம் வரியில் ஒரு பிழைகூடத் திருத்தினார்.

கதைக் கோட்பாடு நடத்தியவர் டாக்டர் நாஹித். மெலிந்த, எப்போதும் குளிர்வது போல் சால்வை போர்த்தியிருக்கும் பெண்மணி. படத்தைப் பார்த்த மறுநாள் தஹானியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அனுமதிக் கோப்பு திறந்திருந்தது. அதில் மேற்பார்வையாளர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது.

படம் நன்றாக இருக்கிறது என்றுதான் தொடங்கினார். ஜன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளைத் திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இது வேற படம், தஹானி.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எல்லாரும் செய்யறதுதான். எனக்குத் தெரியாதா? ஆனா இந்த வருஷம் கோப்பையும் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறாங்க. போன மாசம் ஒருத்தனோட படத்தையே ரத்து பண்ணிட்டாங்க, பட்டமும் போச்சு. உன் ஆய்வுரையில ரெண்டும் ஒரே கதைன்னு நிரூபிச்சுக் காட்டு. நான் கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா என்னாலயும் முடியாது.”

ஆய்வுரையோடு சேர்த்துத் தரத் துறை ஓர் அட்டவணை அச்சடித்து வைத்திருந்தது. ஐந்து படிகள். முதலில் ஒரு சமநிலை, அது குலைகிறது, குலைந்தது தெரியவருகிறது, சீர்செய்யும் முயற்சி நடக்கிறது, புதிய சமநிலை வருகிறது. பக்கத்தில் பாத்திரங்களுக்கான கட்டங்கள்: நாயகன், எதிராளி, துணை, தேடப்படும் பொருள். மூன்று வருடமாக டாக்டர் நாஹித் சொல்லிச் சொல்லி மாணவர்களின் வாயில் ஊறிப்போன வாக்கியம் ஒன்று உண்டு: ஆள் யார் என்று பார்க்காதே, கதையில் அவன் செய்யும் வேலை என்ன என்று பார்.

முதல் நாள் தஹானி உண்மையாகவே நிரப்பிப் பார்த்தாள். குலைவு: லிஃப்டுக்குப் பூட்டுப் போட்டது. அது படம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது. அப்படி எழுதியதும் மற்ற கட்டங்கள் எதுவும் நிரம்பவில்லை. படம் முழுவதும் இரண்டாம் படியிலேயே நின்றது. மூன்றாம் படியில் ஏறக் கால் எடுத்துவைத்து, திரும்ப இரண்டிலேயே வந்து உட்கார்ந்தது. ஷவ்கியாவைப் போலவே. தான் எடுத்த படம் இன்னதென்று அப்போதுதான் தனக்கே தெரிந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

கேமரா பிடித்த கமீல் வகுப்புத் தோழன். காப்பிக்கடையில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மடித்து அவள் பக்கமே தள்ளினான்.

“அறிவாளி, இதைக் குடுத்தியானா உன்னோட சேந்து எனக்கும் சங்குதான். ஆளைப் பாக்காதே, வேலையப் பாருன்னு அவங்கதானே கத்தறாங்க? அதையே திருப்பிக் குடு. அந்தக் கதையில ஒருத்தன் சாவிய எடுக்கறான், இதுலயும் எடுக்கறான். அதுல தலைவர் வாங்கறாரு, இதுலயும் வாங்கறாரு. முடிஞ்சுது.”

“அப்போ முதல் சமநிலை எது?”

“லிஃப்ட் பூட்டியிருக்கறது.”

“அது சமநிலையா?”

“ஃபிக்ரி பேவைக் கேளு, ஆமாம்பாரு.”

அவள் சிரிக்கவில்லை. கமீல் தன் காப்பியையும் அவளுடைய காப்பியையும் குடித்து முடித்தான். கிளம்பும்போது, இதில் அம் பகீத்துக்கும் நல்லதுதானே என்றான். எல்லாம் கற்பனை, திருடன் கதை என்று எழுதிவிட்டால் அவர் மனைவியை லிஃப்டில் இறக்கினார் என்று யார் சொல்லப் போகிறார்கள்? தஹானி அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டாள். வேறு பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

நான்கு நாளில் ஆய்வுரை முடிந்தது. எதிராளி: காவலாளி. நாயகன்: சங்கத் தலைவர். தேடப்படும் பொருள்: சாவி. ஒரு கட்டம் மட்டும் தொல்லை கொடுத்தது. அனுமதிக் கதையில் மனைவி என்று யாருமே இல்லை. இரண்டும் ஒரே கதை என்றால் படத்திலும் அவருக்கு வேலை இருக்கக் கூடாது. மூன்றாம் நாள் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் தஹானி ஷவ்கியாவின் பெயரை அட்டவணையிலிருந்து எடுத்தாள். அப்புறம் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. டாக்டர் நாஹித் படித்துவிட்டு, இந்த வருடத்தில் வந்தவற்றிலேயே தெளிவான பகுப்பாய்வு இதுதான் என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லூரி முத்திரை குத்தி, நீல அட்டை போட்டுத் தைத்துக் கொடுத்தார்கள்.

ஆய்வு விவாதம் என்றால் அங்கே கல்யாணம் மாதிரி. வீட்டார், அக்கம்பக்கத்தார், படத்தில் முகம் காட்டியவர்கள் எல்லோரும் வருவார்கள். பழச்சாறு, இனிப்பு, பூங்கொத்து. முடிவு அறிவித்ததும் பெண்கள் குலவை போடுவார்கள். தஹானி பகீத்தைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளை அங்கி, புதிய தலைப்பாகை. ஷவ்கியா செய்து கொடுத்த ரவைக் கேக்கை அலுமினியத் தட்டில் துணி மூடி மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். நடப்பதையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்து வந்து சொல்ல வேண்டும் என்பது வீட்டு உத்தரவாம். முதல் வரிசையில் ஃபிக்ரி பே. கோட்டு, கழுத்துப்பட்டை. படத்தின் தொடக்கத்தில் அவருக்கு நன்றி சொல்லியிருந்ததால் அந்த இடம் தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

படம் ஓடியது. கடற்கரைக் காட்சியில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நீளும் கை கமீலுடையது. ஃபிக்ரி பே அதைப் பார்த்துவிட்டு, என் கை இதைவிட லட்சணமாச்சே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல, நான்கு பேர் சிரித்தார்கள்.

விளக்குகள் எரிந்தன. டாக்டர் நாஹித் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே பேசிவைத்த கேள்விகளைக் கேட்டார்.

“இந்தக் கதையில சமநிலையைக் குலைக்கிறது யாரு?”

தஹானி பகீத்தைப் பார்த்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் தன் பிள்ளை பதில் சொல்வதைக் கேட்கிறவர் போல லேசாக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். டாக்டர் நாஹித் கோப்பை மெதுவாக மூடி மறுபடி திறந்தார்.

“காவலாளி,” என்றாள்.

“சீர்செய்யறது?”

“சங்கத் தலைவர்.”

கெய்ரோவிலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர் அதுவரை பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

“யாருக்குச் சமநிலை, மகளே?”

பேசிவைக்காத கேள்வி. உண்மையைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த கதவு அது ஒன்றுதான். அதற்கு வெளியே ரத்தான படம், பறிபோன பட்டம், கோப்பில் கையெழுத்துப் போட்ட ஆசிரியை, சாவியைக் கொடுத்த அம்மா எல்லோரும் நின்றார்கள்.

“கட்டடத்துக்கு,” என்றாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். மிக நன்று என்ற தரம் கிடைத்தது. அம்மா குலவை போட்டாள். பகீத்தும் எழுந்து நின்று கைதட்டினார். தட்டை நாற்காலியில் வைத்துவிட்டுத் தட்டினார்.

தாழ்வாரத்தில் கேக்கைத் துண்டு போட்டு எல்லோருக்கும் அவரே கொடுத்தார். படிக்கிறவர்கள் யாரானாலும் அவருக்கு டாக்டர்தான்.

“டாக்டரம்மா, நாந்தான் வில்லன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மீசையை முறுக்கிக்கிட்டுல்ல நடிச்சிருப்பேன்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கூட்டம் கொஞ்சம் விலகியதும் குரலைத் தாழ்த்தினார்.

“மேல போனதும் கேப்பா. அவளுக்கு அந்தப் பட்டியல்ல என்ன வேலை?”

தஹானி கையிலிருந்த கேக்கைப் பார்த்தாள்.

“அவங்க... பட்டியல்ல இல்லை, அம் பகீத்.”

அவர் தலையை ஆட்டினார். ஒரு கணக்குப் புரிந்துவிட்டது போல இரண்டு தரம் ஆட்டினார். காலித் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே ஃபிக்ரி பே ஆய்வுரையில் ஒரு பிரதி கேட்டார். சம்மதக் கடிதம் கொடுத்தவர். இல்லை என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. பெட்டகத்தில் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்றார். தஹானி ஒரு நீல அட்டைப் பிரதியைக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு, ஃபிக்ரி பே வீட்டில் சங்கக் கூட்டம். பட்டச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. கெய்ரோவில் முத்திரைக்குப் போயிருந்தது. தஹானி அம்மாவுக்குத் துணையாகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பகீத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

ஃபிக்ரி பே நீல அட்டையை எடுத்து அட்டவணைப் பக்கத்தைப் படித்தார். நிதானமாக, முன்பு சுங்கத் துறை வேலையில் சரக்குப் பட்டியல் படித்த பழக்கத்தில், கட்டம் கட்டமாகப் படித்தார். எதிராளி, காவலாளி. செய்த வேலை, சாவியை எடுத்தல். யாரோ, அது படத்துக் கதைதானே பே என்று மெல்லச் சொன்னார்கள்.

“படத்தில இருக்கறது இந்த லிஃப்ட்தானே? அவருதானே, அவரு சம்சாரம்தானே? அதுல நடிப்பு எது? நானா ஒண்ணும் சொல்லல. கல்லூரி சொல்லுது. ரெண்டு டாக்டர் கையெழுத்து, அரசாங்க முத்திரை.”

முத்திரை கை மாறிக் கை மாறி எல்லோரிடமும் போய் வந்தது. அந்த ஊரில் முத்திரை விழுந்த காகிதத்தோடு யாரும் வாதாடுவதில்லை. ஃபிக்ரி பே கதவுப் பக்கம் திரும்பினார்.

“சாவிய எடுத்தியா, பகீத்?”

“எடுத்தேன், பே.”

“யாரு வீட்டுச் சாவி?”

அம்மாவின் விரல்கள் தஹானியின் மணிக்கட்டை இறுக்கின. அம்மாவுக்கு நெஞ்சுவலி உண்டு. லிஃப்ட் இல்லாமல் நான்கு மாடி ஏற முடியாது. அது மட்டுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டதாகத் தஹானி சொன்னாள். அம்மா கையைப் பிடிக்காமல் இருந்திருந்தாலும் எழுந்திருப்பேனா என்பது தெரியாது என்றாள். சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை. சாவி எங்க வீட்டுடையது. அந்த மூன்று வார்த்தையைச் சொன்னால், எதிராளி காவலாளி என்று முத்திரையோடு எழுதிக் கொடுத்தது பொய்யாகும். பொய் எழுதியவளுக்குச் சான்றிதழ் வராது. அவள் கட்டிய அட்டவணைக்குள் அவளே நின்றுகொண்டிருந்தாள். நான்கு பக்கமும் கோடு.

பகீத் அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாபகமில்லை, பே.”

“உனக்கு ஞாபகமில்லையா?”

“வயசாச்சு. எடுத்தது ஞாபகமிருக்கு. எங்கேருந்துன்னுதான் இல்லை.”

காவலாளியை அனுப்பிவிடச் சம்மதிப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்றார் ஃபிக்ரி பே. பிறகு கைகள் உயர்ந்தன. அம்மாவும் இடது கையை உயர்த்தினாள். வலது கை அப்போதும் மகளின் மணிக்கட்டில் இருந்தது. மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. பகீத் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறிப் போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அதற்குப் பிறகான இரண்டு வாரமும் தஹானி காலையில் அவர் படியைத் துடைத்து முடிக்கும்வரை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஒருமுறை மட்டும் எதிர்ப்பட்டுவிட்டார். அவள் பேச வாயெடுப்பதற்குள் அவரே, சான்றிதழ் வந்துச்சா டாக்டரம்மா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள். வந்துரும் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். அந்தக் கேள்வியில் குத்தல் இருந்ததா என்று அவள் எவ்வளவோ யோசித்திருக்கிறாள். இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று தோன்றுமாம்.

அவர்கள் கிளம்பிய அன்று ஷவ்கியாவை லிஃப்டிலேயே இறக்கச் சொன்னார் ஃபிக்ரி பே. தானே வந்து பூட்டைத் திறந்துவிட்டார். அதில் அவர் கருமித்தனம் காட்டவில்லை என்று கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள். தஹானி நான்காம் மாடிக் கதவின் பின்னால் நின்று லிஃப்ட் தன் மாடியைக் கடந்து இறங்குவதைக் கேட்டாள். கதவைத் திறக்கவில்லை.

சான்றிதழ் அதற்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. படம் இரண்டு சிறிய விழாக்களில் திரையிடப்பட்டது. ஒன்றில் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். தஹானி இப்போது கெய்ரோவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் படத்தொகுப்பாளராக இருக்கிறாள். சொந்தமாக வேறு படம் எடுக்கவில்லை. கமீல் கல்யாண வீடியோ எடுக்கிறான், நல்ல பெயர். டாக்டர் நாஹித் துறைத் தலைவரானார். தஹானியின் ஆய்வுரையை மாதிரியாக மாணவர்களுக்குக் கொடுக்கிறார். ஃபிக்ரி பே இன்னும் சங்கத் தலைவர். அம்மா நான்காம் மாடியில் தனியாக இருக்கிறாள். பகீத் ஊரில் தம்பி வீட்டு அறை ஒன்றில் இரண்டு வருடம் இருந்து சிறுநீரகக் கோளாறில் இறந்தார். ஷவ்கியா இருக்கிறார், கைத்தடி ஊன்றி வாசல்வரை நடக்கிறார்.